பிரயாணத்தில் கைக்காசு: வங்கி அட்டை பற்றி ஒரு பாடம்

நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்தில் இடுப்பில் கட்டிய பச்சை வாரே அவர்களுக்குப் பெட்டகம். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் சீட்டு இருந்தது. அவ்விரண்டின் வேலையையும் இன்று உள்ளங்கையில் அடங்கும் அட்டை ஒன்று செய்கிறது. சரக்குப் பிடிக்கச் சென்னைக்கும் பாங்காக்குக்கும், உம்ராவுக்கு மக்காவுக்கும் போகும் நம்மவர் அதை நம்பியே புறப்படுகிறார்கள். நம்புவது தவறன்று, அதன் குணம் அறியாமல் நம்புவதே தவறு.

இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக அவசரமாகத் திருச்சி போனோம். இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். கணக்கில் பணம் இருந்தது. மூன்று பண எந்திரங்களுக்கு அலைந்தோம். மூன்றும் அட்டையைத் திருப்பித் தந்தன. எதிரே டீக்கடை வைத்திருந்தவர், முன்பின் அறியாதவர், கல்லாவைத் திறந்து 8,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். மறுநாள் வங்கியோடு பேசி, அட்டையைத் திறந்தபின் கடனை அடைத்தோம். குற்றம் எந்திரத்துடையதன்று, விவரம் அறியாமல் புறப்பட்ட நம்முடையதே. ஆகவே, கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது: திருட்டைத் தடுக்க, டெபிட் அட்டை வெளிநாட்டில் செல்லாதபடி வங்கிகள் பூட்டி வைப்பதுண்டு. புறப்படுமுன் வங்கிக் கிளையிலோ, கைப்பேசிச் செயலியிலோ அதைத் திறந்துவிட வேண்டும். ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். அட்டையில் விசா, மாஸ்டர்கார்டு, பிளஸ், சிரஸ் ஆகிய முத்திரைகளில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கவும். உள்நாட்டு முத்திரை மட்டும் உள்ள அட்டையை நம்பலாகாது.

இரண்டாவது: சில செலவுகளுக்கு வங்கி நம் கைப்பேசி வழியாக உறுதி கேட்கும். கைப்பேசி வெளிநாட்டில் வேலை செய்யாவிட்டால் அட்டையும் முடங்கும். வங்கியின் அவசரத் தொலைபேசி எண்ணைத் தனிக் காகிதத்தில் எழுதி வைக்கவும். இரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழத வேண்டாம், மனத்தில் வைக்கவும்.

மூன்றாவது: அங்குள்ள எந்திரமோ கடையோ, “ரிங்கிட்டில் கழிக்கவா, ரூபாயில் கழிக்கவா?” என்று கேட்கலாம். நம் நாட்டுப் பணத்தைக் கண்டதும் மனம் அதிலே சாயும். அங்கேதான் நஷ்டம். ரிங்கிட் என்றால் மாற்று விலையை அவர்களே வைப்பார்கள். நூற்றுக்கு 5 ஏற்றினாலும் 1,000 ரிங்கிட்டுக்கு 50 ரிங்கிட் போயிற்று. எந்த நாட்டில் நிற்கிறோமோ, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது: பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நம் வங்கி கட்டணம் பிடிக்கலாம், அந்த எந்திரத்தின் வங்கியும் பிடிக்கலாம். ஒரு முறைக்கு 12 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நூறு நூறாக நான்கு முறை எடுத்தால் 48. நானூறாக ஒரே முறை எடுத்தால் 12. சில்லறையாக வாங்கினால் விலை கூடும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாவது: கிரெடிட் அட்டையால் ரொக்கம் எடுப்பது கடன் வாங்குவதாகும். சாதாரணக் கிரெடிட் அட்டையில் அதற்குக் கட்டணமும் உண்டு; எடுத்த நாள் முதலே வட்டியும் ஓடும். வட்டியை விலக்கும் நம்மவர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கணக்கில் உள்ள பணத்தை டெபிட் அட்டையால் எடுப்பதே நலம்.

ஆறாவது: எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்கலாகாது. இரண்டு அட்டைகள் இருந்தால் வெவ்வேறு இடத்தில் வைக்கவும். ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். ஆனால் ரொக்கத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தே. 2016 நவம்பர் 8 இரவு இந்தியாவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தபோது, கையில் நோட்டு இருந்தும் ஜனங்கள் தவித்தார்கள். எந்திரங்களின் முன்னும் நீண்ட வரிசைகள் நின்றன. மேலும், 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் கொண்டு மலேசியாவை விட்டுப் போகிறவர் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் இரசீதுகளைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளிநாட்டு உபயோகத்தை மறுபடி பூட்டிவிடவும்.

புறப்படுமுன் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அந்த டீக்கடைக்காரரைப் போன்ற ஒருவர் எல்லா ஊரிலும் எதிர்ப்பட மாட்டார்.