மறதி நோயும் குருதிப் பரிசோதனையும்



சென்ற மாதக் கூட்டுப் பிரார்த்தனை முடிந்து பிரசாதம் வழங்கும் வேளையில் அன்பர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். ஊரில் தனியே வசிக்கும் அவருடைய தாயார் தொலைபேசியில் ஒரே விஷயத்தை மூன்று தடவை விசாரிக்கிறாராம். "மறதி நோய் வருமா என்று இப்போது குருதியிலேயே பார்க்கலாமாமே, காசு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லட்டுமா?" என்றார். அல் ஐனில் வாழும் பலருக்கும் இதே கவலை இருப்பதால் இம்முறைப் பாடத்தை இதற்கே ஒதுக்குகிறோம். நாம் வைத்தியர் அல்லர், கணக்காளர். ஆயினும் இக்கேள்வியில் பாதி கணக்குத்தான்.

நோய் எது?

முதுமையில் நினைவும் அறிவும் குன்றி அன்றாட வாழ்வு தடைப்படும் நிலையைப் பொதுவாக மறதி நோய் என்கிறோம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். மறதி நோயாளரில் 60 முதல் 70 சதவீதத்தினருக்கு அதுவே காரணம். 1906இல் ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து இதனை விவரித்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே அமிலோயிட் என்னும் புரதம் படிகிறது. கலங்களுக்குள்ளே டவ் என்னும் புரதம் சிக்குண்டு முறுக்கிக்கொள்கிறது. மறதி வெளிப்படுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இம்மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

இது மேல்நாட்டார் நோய் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இலங்கையில் ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதைக் கடந்தோரில் ஏறக்குறைய 4 சதவீதம் என்றது.

குருதியில் என்ன தெரிகிறது?

முன்பு இந்நோயை உறுதிசெய்ய முள்ளந்தண்டு நீரை எடுக்க வேண்டும், அல்லது செலவு மிக்க பெற் ஸ்கான் செய்ய வேண்டும். இன்று குருதியிலும் சில அடையாளங்களை அளக்க முடிகிறது. அமிலோயிட் 42, 40 ஆகியவற்றின் விகிதம் நோயில் குறைகிறது. பொசுபேற்று சேர்ந்த டவ் 217 என்னும் புரதம் கூடுகிறது. இதுவே இன்று மிகவும் நம்பப்படும் அடையாளம். நரம்பிழைப் புரதம் போன்ற வேறு சில, நரம்புக்குச் சேதம் உண்டு என்று காட்டுமே தவிர, எந்த நோயினால் என்று சொல்லா.

2024இல் வெளியான சுவீடன் ஆய்வில், ஞாபகக் குறைவுக்காக வைத்தியரை நாடிய 1,213 பேர் பரிசோதிக்கப்பட்டனர். பொது வைத்தியர்களின் கணிப்பு 61 சதவீதமும், மறதி நோய் நிபுணர்களின் கணிப்பு 73 சதவீதமும் சரியாக இருந்தன. குருதிப் பரிசோதனை ஏறக்குறைய 91 சதவீதம் சரியாகச் சொன்னது. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய முதற் பரிசோதனைக்கு அனுமதி வழங்கியது. அது 55 வயதைக் கடந்து, நோயின் அறிகுறி உடையோருக்கு மட்டுமே.

இனிக் கணக்கைப் பார்ப்போம்

அறிகுறி உடையோருக்கு மட்டும் என்பது ஏன்? ஓர் உதாரணம் கொள்வோம். பரிசோதனை நோயுள்ளோரில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயற்றோரில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்க.

ஞாபகக் குறைவுடன் வந்த 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருப்பின், 450 பேர் சரியாகவும் 50 பேர் தவறாகவும் பிடிபடுவர். பிடிபட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் உண்மை.

நலமாக உள்ள 1,000 பேரில் 100 பேருக்கே நோய் இருப்பின், 90 பேர் சரியாகவும், மீதி 900 பேரில் 90 பேர் தவறாகவும் பிடிபடுவர். பிடிபட்ட இருவரில் ஒருவருக்கு நோயே இல்லை. பரிசோதனை மாறவில்லை, பரிசோதிக்கப்பட்டோரே மாறினர்.

மெய்யான ஆய்வும் இதையே காட்டுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மறதி நோய் இல்லாத 2,148 முதியோரைப் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 2025இல் முடிவை வெளியிட்டனர். அடையாளங்கள் குறைவாக இருந்தோரில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோருக்குப் பத்தாண்டுகளில் நோய் வரவில்லை. அதிகமாக இருந்தோரிலோ, இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், அதிகபட்சம் 43 சதவீதத்தினருக்கே வந்தது. ஆகவே இப்பரிசோதனை "இல்லை" என்றால் பெரும்பாலும் நம்பலாம். "உண்டு" என்றால் அது தீர்ப்பன்று.

மேலும், சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு இவ்வளவுகள் கூடியும், உடல் பருத்தோருக்குக் குறைந்தும் தோன்றக்கூடும். நீரிழிவும் சிறுநீரக நோயும் நம் குடும்பங்களில் அரிதல்ல. இந்த எல்லை அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம் கண்டவை. நம்மவரின் அளவுகளை அறியவும் முயற்சி நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த 10,000 கிராமவாசிகளைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை நடத்துகிறது.

அன்பருக்கு எமது பதில்

முதலில் பரிசோதனைக்குக் காசு அனுப்ப வேண்டாம். அம்மாவை நல்ல வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் செல்ல ஆள் தேடுங்கள். தைரொயிட் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், காது மந்தம் ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். சைவ உணவு உண்ணும் நம்மவர்க்கு விற்றமின் பி 12 குறைவும் அவ்வாறே. இவை பெரும்பாலும் சீராக்கத்தக்கவை. அதன்பின் வைத்தியர் தேவை என்றால், அம்மாவின் சம்மதத்துடன், குருதிப் பரிசோதனை செய்யலாம். தம் வருங்காலத்தை அறிவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை அவருடையது.

லெக்கனிமாப், டொனனிமாப் என்னும் மருந்துகள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், குணமாக்கா. மூளையில் வீக்கம், கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு. 2024இல் லான்செட் ஆணைக்குழு, கல்விக் குறைவு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், காது மந்தம், தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைச் சீர்செய்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இப்பாலைவன ஊரில் நாற்பதுகளில் இருக்கும் நமக்கும் அது பொருந்தும்.

நம்மிற் சிலருக்கு நினைத்தவுடன் ஊருக்குப் போக இயலாது. எனவே தொலைபேசியே நம் கண். ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள்: எதைத் திரும்பக் கேட்டார், எந்தப் பெயரை மறந்தார், மின்சாரக் கட்டணத்தைக் கட்டினாரா, பழகிய வழியில் தடுமாறினாரா. ஆறு மாதக் குறிப்பு வைத்தியருக்கு மிகவும் பயன்படும். அம்மா ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டாலும், முதல் முறை கேட்டதுபோலப் பதில் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை.