ஒரு பறவையன்பரின் இல்லம்

வீடு என்பது மனிதர்க்கே உரியதென்று நாம் எண்ணியிருக்கிறோம். பறவைகளை அழைத்து விருந்தோம்பும் வீடொன்று இங்கிலாந்து தேசத்தில், ஸெவர்ன் நதியின் கழிமுகத்தை அடுத்த ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் உளது. அஃது இயற்கை நூல் வல்லுநரும் ஓவியருமாகிய ஸர் பீட்டர் ஸ்காட் (1909–1989) வாழ்ந்த இல்லமாகும்.

தென்துருவ யாத்திரையில் 1912-ஆம் ஆண்டு உயிர் நீத்த காப்டன் ஸ்காட் இவருடைய தந்தையார். மைந்தனுக்கு இயற்கையறிவில் விருப்பம் உண்டாக்குமாறு அவர் இறுதிக் கடிதத்தில் மனைவியாரை வேண்டியிருந்தார். அவ்வேண்டுகோள் நிறைவேறியது, ஆயினும் நேர்வழியிலன்று. இளமையில் பீட்டர் காட்டு வாத்துகளைச் சுட்டு வீழ்த்தும் வேட்டைக்காரராயிருந்தார். 1933 முதல் 1939 வரை நென் நதிமுகத்துக் கலங்கரை விளக்கமொன்றில் குடியிருந்து, பறவைகளை உற்று நோக்கி ஓவியந் தீட்டினார். நோக்க நோக்க, துப்பாக்கியின்மேற் கொண்ட பற்றுத் தளர்ந்தது. 1946-ஆம் ஆண்டில் அவர் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைக் காப்பு நிலையத்தை நிறுவினார்.

ஓதம் வற்றுங்கால் ஸெவர்ன் கழிமுகத்தில் சேற்றுநிலம் பரந்து தோன்றும். அச்சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு நத்தைகளையும் உண்ணக் கரைப்பறவைகள் கூடுகின்றன. ஓதம் ஏறுங்கால் அவை கரையோரம் ஒதுங்குகின்றன. ஆதலின் அவற்றை அணுக்கமாய்க் காண விரும்புவோர் ஓத நேரத்தை அறிந்து செல்லுதல் வேண்டும்.

ஸ்காட் தம் வீட்டின் பெரிய சாளரத்தை ஒரு குளத்தை நோக்கி அமைத்தார். ருஷ்ய தேசத்து வடகோடியிலிருந்து 2,000 மைலுக்கு மேற் பறந்து, குளிர்காலங் கழிக்க வரும் பீவிக் அன்னங்கள் அக்குளத்தில் இறங்கின. அவற்றின் அலகிலுள்ள மஞ்சள், கறுப்புக் குறிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதை அவர் கண்டார்; 1964 முதல் ஒவ்வோர் அன்னத்தின் முகத்தையும் வரைந்து பெயருமிட்டார். அதனால் ஆண்டுதோறும் மீண்டு வருவன எவை, துணை பிரியாதிருப்பன எவை என்பன விளங்கின.

ஹவாய்த் தீவுகளில் ஐம்பதுக்கும் குறைவாய் அருகிப்போன நேநே வாத்தும் இங்கே வளர்ந்து பெருகியது. 1962-ல் அவ்வினத்துப் பறவைகள் அத்தீவுகளுக்குத் திருப்பியனுப்பப்பட்டன.

இவ்வரலாற்றால் நாம் கற்பது யாது? விலையுயர்ந்த கருவிகளன்று, பொறுமையோடு நாள்தோறும் நோக்கிக் குறித்து வைத்தலே இயற்கையறிவின் அடிப்படை. கொல்ல எழுந்த கையே காக்கும் கையாதலும் கூடும். நம் விடுதிச் சாளரங்களுக்கு வெளியேயும் பறவைகள் உள, நாம் நோக்குகின்றோமா?