சிறு பறவைக் கூடத்தில் வளர்க்கத்தக்க செடிகள்

கமக்காரர் வீடுகள் சிலவற்றில், முற்றத்தின் ஒரு பக்கத்தே கம்பிவலையினாற் கூடம் அமைத்துச் சிறு பறவைகளை வளர்க்கும் வழக்கம் உண்டு. வெறுங் கூடத்தில் அடைபட்ட பறவை வெயிலுக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடமின்றி வாடும். செடிகள் நட்ட கூடத்திலோ நிழலும், மறைவும், கூடு கட்டும் இடமும், பசும் உணவும் அதற்குக் கிடைக்கும்.

ஆயினும், கூடத்துள் நிற்கும் செடி எதனையும் பறவை கொத்திப் பார்க்கும் என்பதை மறத்தலாகாது. சீப்ரா சில்லையின் நிறை ஏறத்தாழ 12 கிராம் மாத்திரமே. இத்துணைச் சிறிய உடலுக்கு நச்சிலையின் ஒரு துண்டும், இலையிற் படிந்த பூச்சிநாசினியின் ஒரு துளியும் பெருந் தீங்காகும். ஆகவே, தின்றாலுந் தீங்கு செய்யாத செடியைத் தெரிந்தெடுத்தலும், அதனை நஞ்சு தெளியாது வளர்த்தலும் இன்றியமையாதன.

1. பறவைக்கேற்ற செடி

சீப்ரா சில்லை, பெங்காலிச் சில்லை ஆகியன செடிகளைப் பெரிதும் அழிப்பதில்லை. 'லவ் பேட்ஸ்' எனப் பலரும் வழங்கும் பஜரிகார் என்னும் சிறுகிளியோ குருத்தையும் பட்டையையும் கடித்துச் சில நாட்களிற் செடியை மொட்டையாக்கிவிடும். அதனை வளர்ப்போர் செடிகளை வலைக்கு வெளியே நட்டு, கொய்யா, செவ்வரத்தை ஆகியவற்றின் கிளைகளை வெட்டிக் கழுவி உள்ளே கட்டுதல் நன்று.

கூடுகளிற் பிறந்து வளர்ந்த பறவைகளையே வாங்குக. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எமது நாட்டுப் பறவைகள் பலவற்றைக் காக்கின்றது. வயலிலும் காட்டிலும் பறவைகளைப் பிடித்து அடைத்தல் ஆகாது.

2. கூடம்

12 அடி நீளமும் 6 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள கூடம் ஆறு சோடிச் சில்லைகளுக்குப் போதுமானது. அதற்கு மேல் விட்டால் எச்சத்தினாற் செடிகள் கருகும். கூரையின் மூன்றிலொரு பங்கைக் கிடுகினால் வேய்ந்து, வாடைக்காற்று வீசும் வடகீழ்ப் பக்கத்தையும் மறைத்தல் வேண்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. எலி தோண்டி நுழையாதிருக்க வலையை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணிற் புதைக்க வேண்டும். புதிய வலையிலுள்ள நாகப்பூச்சு பறவைக்கு நஞ்சாதலால், அதனை வினாகிரியினாற் தேய்த்துக் கழுவிய பின்னரே பறவைகளை விடுக.

3. நடத்தக்கவை

மறைவுக்கும் கூடு கட்டுதற்கும் செவ்வரத்தை, தேசி, குட்டை மூங்கில் என்பன ஏற்றவை. தேசியின் முள்ளடர்ந்த கிளைகளிற் சில்லைகள் அச்சமின்றிக் கூடு கட்டும். மேற்குப் பக்கத்து வலையின் வெளிப்புறத்திற் கொடித்தோடையைப் படரவிட்டால் பிற்பகல் வெயில் தணியும்.

உணவுக்குத் தினை, சாமை, குரக்கன் ஆகியவற்றைச் சாடிகளில் இரு வாரத்துக்கொருமுறை விதைக்கவும். கதிர் பால்பிடித்ததும் சாடியைக் கூடத்துள் வைக்கவும். முற்றாத மணிகளைச் சில்லைகள் விரும்பி உண்ணும், குஞ்சுகளுக்கும் ஊட்டும். முருங்கையிலையும் நல்லுணவாகும்.

4. விலக்கத்தக்கவை

அலரி, மஞ்சள் அலரி, ஊமத்தை, எருக்கலை, ஆமணக்கு, குன்றிமணி என்பனவும், அழகுக்கு வளர்க்கும் சேம்பு வகைகளும் கூடத்துள்ளும் அதன் அருகிலும் இருத்தலாகாது. ஆனைக்கொய்யாவின் இலையும் பழமும் சிறு பறவைகளைக் கொல்லவல்லன. தோட்டத்திற் பிடுங்கிய தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளையும் உள்ளே எறியலாகாது.

5. நடுகையும் பராமரிப்பும்

காலபோக மழை தொடங்கும் ஐப்பசியில் நடுதல் நன்று. நன்கு உக்கிய கூட்டெருவை மாத்திரம் இடுக. கோழியெரு நோயைக் கொண்டுவரக்கூடும். செடிகள் வேரூன்றித் தழைக்க மூன்று மாதமேனும் கழிந்தபின் பறவைகளை விடுக. அவசரப்பட்டு விட்டால் இளங்குருத்துக்கள் யாவும் அழியும். காலையில் நீர் தெளித்து இலைகளிலுள்ள எச்சத்தைக் கழுவவும். மாலையில் நனைத்தலாகாது.

6. நஞ்சு பற்றிய எச்சரிக்கை

அழுக்கணவனோ மாப்பூச்சியோ கண்டால், அக்கிளையை வெட்டி எரித்துவிடுக, எம்மருந்தும் தெளித்தலாகாது. வயலில் மருந்தடிக்கும் நாளிற் காற்று கூடத்தை நோக்கி வீசுமாயின், அப்பக்கத்தைச் சாக்கினால் மூடி, நீர்ப்பாத்திரங்களை அகற்றிக் கழுவவும். மருந்தடித்த வரம்பிலிருந்து புல்லோ கீரையோ பறித்து இடலாகாது. மருந்து கலந்த விதைநெல் மிஞ்சினாலும் அதனைப் பறவைக்கு உணவாக்கலாகாது.

பறவைகள் சிறகு சிலிர்த்து ஒடுங்கியிருப்பின், தாமதியாது அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுக. செடிகள் பற்றிய ஐயங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. நஞ்சு தீண்டாத சில செடிகளைப் பேணப் பழகிய கை, வயலிலும் மருந்தை அளவறிந்து கையாளும்.