பொருளாதாரக் கல்வியும் உத்தியோகமும்

"பொருளாதாரம் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறாய்?" என்னும் வினாவை, தாம்பரத்துக் கலாசாலையிற் சேர விரும்பும் குன்றத்தூர் மாணவன் தன் வீட்டிலேயே முதலிற் கேட்கிறான். வைத்தியமும் எஞ்சினீயர் தொழிலும் பெற்றோர்க்கு விளங்கும், இது விளங்குவதில்லை. வினா நியாயமானதே. எனினும் விடை கூறுமுன், இக்கல்வி நம் மாகாணத்தில் எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1915-ஆம் ஆண்டில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் மாணாக்கர்க்குப் புத்தகங்களை மட்டும் போதித்து அமையவில்லை. வினாத்தாள் ஒன்றைக் கையிற் கொடுத்து, அவரவர் கிராமங்களை ஆராய்ந்துவர அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி நெல்லா பணமா, கடன் யாரிடத்து என்பன போன்றவற்றை விசாரித்து அவர்கள் எழுதியவை 1918-இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்களுள் ஒன்று தென்னாற்காட்டு இருவேல்பட்டு. பி. ஜே. தாமஸ் அவர்களும் கே. சி. ராமகிருஷ்ணன் அவர்களும் அக்கிராமங்களின் மறு ஆராய்ச்சியை 1940-இல் வெளியிட்டனர். 1981-இல் எஸ். குகன் அவர்களும் ஜோன் மென்ச்சர் அம்மையாரும் இருவேல்பட்டுக்கு மீண்டும் சென்றனர். 1916-இல் மாணவர் கண்டெழுதிய படியாள் முறை பின்னர்த் தேய்ந்ததை நாம் இன்று திட்டமாகக் கூற இயல்வது, ஒரே ஊரில் ஒரே விதமான கேள்விகளைத் தலைமுறைதோறும் கேட்டமையாலன்றோ?

குகன் பணியாற்றிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971-இல் நிறுவியவர் மால்கம் ஆதிசேஷையா. அவர் 1940 முதல் 1946 வரை தாம்பரம் கிறிஸ்தவக் கலாசாலையிற் பொருளாதாரம் போதித்தவர். பின்பு யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

இனி உத்தியோகத்திற்கு வருவோம். 1961-இல் ஏற்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். பரீட்சை மத்திய தேர்வாணையத்தாரது. இடங்களோ மிகச் சில. ரிசர்வ் வங்கியிலும் பொருளாதார ஆராய்ச்சிப் பதவிகள் உண்டு. மற்ற வங்கிகள், புள்ளிவிவர இலாகாக்கள், ஆசிரியத் தொழில், பத்திரிகை ஆகியனவும் உள. பி.ஏ. பட்டம் மட்டும் பெற்றவருள் பலர் கணக்கு எழுதும் வேலைக்கே முதலிற் செல்வர். இதனை மறைத்துப் பயனில்லை. கணிதத்திற்கு அஞ்சி இப்பாடத்தைத் தேர்வோர் இரண்டாம் ஆண்டிலேயே வருந்துவர். மேற்படிப்பிற் கணிதமும் புள்ளியியலும் இன்றி ஓரடியும் வைக்கலாகாது.

ஆயின், வேலை கொடுப்போர் நம்மிடம் தேடுவது பட்டத்தை மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வரவுசெலவைக் கேட்டறிந்து, பொய்யும் மெய்யும் பிரித்து, பிறர் நம்பும்படி எழுதுந் திறனையும் தேடுகின்றனர். அதனைக் கற்க வெகுதூரம் செல்ல வேண்டா. குன்றத்தூரில் நெடுங்காலமாகத் தறி நெய்வோர் உளர். ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறது, பட்டும் ஜரிகையும் யார் தருவது, கூலியை நிர்ணயிப்பவர் யார், மழைநாளிற் பாவு நனைந்தால் நஷ்டம் யாருடையது, முன்பணம் எப்பொழுது தீரும் என்று ஒரு வீட்டிற் கேட்டுப் பாருங்கள். கூலி எவ்வளவு என்பதற்குத் தறிகாரர் ஒரு தொகை சொல்வார். பாவு புணைத்தும் நூல் சுற்றியும் கொடுக்கும் அவர் மனைவியின் உழைப்பு அத்தொகையில் எங்கே இருக்கிறதென்று கேட்டால், இருவரும் சிரிப்பர். அங்கே நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள்.