ஆயில் என்ஜினில் கரும்புகை: காரணம் கண்டறியும் முறை

மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும், ஆற்றோரத்திலும், வாய்க்கால் கரையிலும் தண்ணீர் இறைக்க ஆயில் என்ஜினையே நம்பியிருக்கும் சிறு விவசாயிகள் பலர். என்ஜின் ஓடித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் புகையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. ஆனால் விடாமல் வரும் கரும்புகை, காசு கொடுத்து வாங்கிய டீசல் எரியாமல் கரியாக வெளியேறுவதன் அடையாளமாகும்.

5 குதிரைசக்தி என்ஜின் முழுப் பளுவில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 1¼ லிட்டர் டீசல் செலவாகும். கோளாறு காரணமாக மணிக்குக் கால் லிட்டர் கூடுதலாகச் செலவானால், நாளொன்றுக்கு 6 மணி வீதம் 100 நாள் இறைப்பில் 150 லிட்டர் வீணாகிறது. நஷ்டம் இத்துடன் நிற்பதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடுவதால் லைனரும் ரிங்குகளும் விரைவில் தேய்கின்றன. கரி படிந்து ரிங்குகள் இறுகிக் கொள்வதும் உண்டு.

கரும்புகை வருவது ஏன்?

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை. காற்று குறைந்தாலும், டீசல் அளவுக்கு மீறினாலும், டீசல் பொடிச் சாரலாகத் தெளிக்கப்படாவிட்டாலும் கரும்புகை வரும்.

புகையின் நிறத்தை முதலில் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். வெண்புகை என்றால் என்ஜின் இன்னும் சூடேறவில்லை அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நேரம் புகை வருவது இயல்பே. என்ஜின் நன்கு சூடேறிய பிறகும் கரும்புகை தொடர்ந்தால்தான் கோளாறு.

இன்னொரு குறிப்பும் உதவும். இழுவை குறைந்து, புகையும் இல்லாவிட்டால் டீசல் வரத்தில் தடை இருக்கக்கூடும். பில்டரைப் பார்க்க வேண்டும். இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால் காற்று வரத்தில் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் காற்றுப் பாதை

செலவில்லாத சோதனை இதுதான். ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சேறு போன்ற எண்ணெயும், தூசி அடைத்த வலையும் காணப்படும். வலையை மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக வடியவிட்டு, புது எண்ணெயைக் குறியிட்ட அளவு வரை மட்டும் ஊற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் என்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சிவிடும். புழுதிக் காலத்தில் இதைத் தினமும் பார்ப்பது நல்லது. புகை குறைகிறது என்பதற்காக ஏர் கிளீனர் இல்லாமலேயே ஓட்டுவது, என்ஜினுக்குள் மண்ணை அள்ளிப் போடுவதற்குச் சமம்.

காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது. புகை தடையின்றி வெளியேறவும் வேண்டும். சைலன்சரில் கரி அடைத்திருந்தால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சிறிய அறைக்குள் ஓடும் என்ஜின் தான் விட்ட புகையையே மீண்டும் இழுக்கும். புகைக் குழாயை அறைக்கு வெளியே விட வேண்டும்.

உறிஞ்சும் ஆழத்தைக் குறைப்பதற்காக என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டுவது மிகவும் ஆபத்தானது. கிணற்றுக்குள் தேங்கும் புகையில் நச்சு வாயு உண்டு. இறங்குபவர் மயங்கி விழுந்து உயிரிழக்க நேரிடும். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான்.

அடுத்து பளு

காற்றுப் பாதை சுத்தமான பிறகும் புகை நிற்காவிட்டால், என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, என்ஜினை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பளு இல்லாதபோது புகை நின்று, பம்பை இணைத்ததும் திரும்பி வந்தால், என்ஜின் தன் சக்திக்கு மேல் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குப் புல்லியே காரணமாக இருக்கலாம். என்ஜினிலும் பம்பிலும் 6 அங்குலப் புல்லி இருக்கும்போது இரண்டும் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். பம்பின் புல்லி தேய்ந்துபோய் 5 அங்குலப் புல்லியை மாட்டினால் பம்பு 1,800 சுற்று ஓடும். வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் தேவைப்படும் சக்தி 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். தண்ணீர் கூடுதலாக விழுவது கண்டு மகிழும் விவசாயி, டீசல் செலவைக் கணக்குப் பார்க்கத் தவறிவிடுகிறார்.

மழைக்குப் பின் கிணறு நிரம்பியிருக்கும்போது மட்டும் புகை வருமானால் அதற்கும் காரணம் உண்டு. சாதாரண சென்ட்ரிபியூகல் பம்பு, தண்ணீர் மட்டம் மேலே இருக்கும்போது அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது. அதனால் என்ஜினின் பளு கூடுகிறது. டெலிவரி குழாயில் உள்ள கேட் வால்வைச் சிறிது மூடினால் பளு குறையும். முழுவதும் மூடிவிட்டு ஓட்டக்கூடாது. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் தடையின்றி வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நாசில்

பளு இல்லாமல் ஓடும்போதும் கரும்புகை வந்தால் நாசிலைச் சந்தேகிக்கலாம். நல்ல நாசில் டீசலைப் பனிமூட்டம் போல் தெளிக்கும். கெட்டுப்போன நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுகவிடும். சொட்டு முழுமையாக எரியாது. எண்ணெய் அளவுக் குச்சியில் மட்டம் ஏறியிருந்து, எண்ணெயில் டீசல் வாடை அடித்தால் சந்தேகம் வலுக்கும்.

நாசிலைச் சோதனைக் கருவி உள்ள பட்டறையில் கொடுத்து, அழுத்தமும் தெளிப்பும் சரிபார்க்க வேண்டும். வயலிலேயே கழற்றி, கையை முன்னால் நீட்டித் தெளிப்பைப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரலாம்.

மெக்கானிக் பார்க்க வேண்டியவை

இவை மூன்றும் சரியாக இருந்தும் புகை வந்தால், டீசல் தெளிக்கும் நேரம் பிந்தியிருக்கலாம். பியூயல் பம்பைக் கழற்றி மாட்டியபோது அடியில் இருந்த தகடுகள் மாறியிருந்தாலும் இப்படி ஆகும். டேப்பட் இடைவெளி தவறியிருப்பது, வால்வு சரியாக உட்காராதது, ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்தது ஆகியவையும் காரணமாகலாம். இவற்றை அந்த என்ஜினுக்குரிய கையேட்டில் கண்ட அளவுப்படியே சரிசெய்ய வேண்டும்.

திருகில் கை வைக்க வேண்டாம்

இழுவை குறைந்ததும் பலர் முதலில் செய்வது, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைத் திருகி டீசலைக் கூட்டுவதுதான். காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் புகைதான் கூடும். தொழிற்சாலையில் முத்திரையிட்ட அந்தத் திருகைக் கடைசிவரை தொடாமல் இருப்பதே நல்லது. முதலில் காற்று, பிறகு பளு, அதன்பின் நாசில், கடைசியாக மற்றவை என்ற வரிசையில் பார்த்தால் வீண் செலவு மிச்சமாகும்.

பழுது பார்த்தது பலன் தந்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. டீசல் டாங்கை விளிம்பு வரை நிரப்பி, வழக்கமான பளுவில் சரியாக 2 மணி நேரம் ஓட்டி, மீண்டும் விளிம்பு வரை நிரப்ப எவ்வளவு டீசல் ஆகிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்ப்பதற்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் அளந்தால் மிச்சம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை இவ்வாறு அளந்து எழுதி வைத்தால், கோளாறு பெரிதாகும் முன்பே கண்டுகொள்ளலாம்.