சின்ன இடைவெளிகளுக்குப் பெயர் சொல்வது எப்படி?

மாத்தளையில் பாண் ஓட்டோ வருவதை மெட்டைக் கேட்டே சொல்லிவிடலாம். இலங்கை முழுக்க இந்த ஓட்டோக்கள் ஒலிக்கவிடும் அந்த மெட்டு, பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. அதன் தொடக்கத்தில் இரண்டே சுரங்கள் மாறி மாறி வருகின்றன. மேலைத்தேய சங்கீதத்தில் அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய தூரம் அது. இப்படிப்பட்ட தூரத்தைத்தான் ‘இன்டர்வெல்’ என்கிறார்கள். தாளில் சின்ன இன்டர்வெல்களுக்குப் பெயர் எழுதும்போதுதான் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறது. ஒரு கீபோர்டையோ மெலோடிகாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள்.

1. அரைத்தொனியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் கட்டையிலிருந்தும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்குப் போனால் ஓர் அரைத்தொனி. அடுத்தது வெள்ளையா கறுப்பா என்பது முக்கியமில்லை. இரண்டு அரைத்தொனி சேர்ந்தால் ஒரு முழுத்தொனி. ஈ–எஃப், பி–சி ஆகிய இரு இடங்களில் மட்டும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அங்கே வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இடையிலேயே அரைத்தொனிதான்.

2. முதலில் எழுத்தை எண்ணுங்கள்

ஷார்ப் (அரைத்தொனி மேலே), ஃபிளாட் (அரைத்தொனி கீழே) குறிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தொடங்கும் எழுத்தையும் முடியும் எழுத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். சி–டி என்றால் இரண்டு எழுத்து: செகண்ட். சி–ஈ என்றால் மூன்று: தேர்ட். ஒரே எழுத்துக்குள் நின்றால் யூனிசன்.

3. பிறகு அரைத்தொனியை எண்ணுங்கள்

சி–சி ஷார்ப்: ஓர் எழுத்து, 1 அரைத்தொனி. ஆக்மென்டட் யூனிசன்.
சி–டி ஃபிளாட்: இரண்டு எழுத்து, 1 அரைத்தொனி. மைனர் செகண்ட்.
சி–டி: இரண்டு எழுத்து, 2 அரைத்தொனி. மேஜர் செகண்ட்.
சி ஷார்ப்–ஈ ஃபிளாட்: மூன்று எழுத்து, 2 அரைத்தொனி. டிமினிஷ்ட் தேர்ட்.
சி–டி ஷார்ப்: இரண்டு எழுத்து, 3 அரைத்தொனி. ஆக்மென்டட் செகண்ட்.
சி–ஈ ஃபிளாட்: மூன்று எழுத்து, 3 அரைத்தொனி. மைனர் தேர்ட்.

கடைசி இரண்டுக்கும் அழுத்தும் கட்டைகள் ஒன்றே. ஆனாலும் பெயர் வேறு. காதுக்குத் தெரிவது தூரம். பெயரை முடிவு செய்வது எழுத்து. ‘ஃபூர் எலீஸ்’ தொடக்கத்தைப் பீத்தோவன் ஈ–டி ஷார்ப் என்று எழுதினார். ஆகவே அது மைனர் செகண்ட். அதே ஒலியை ஈ–ஈ ஃபிளாட் என்று எழுதியிருந்தால் யூனிசன் வகைக்குப் போயிருக்கும்.

4. கர்நாடக சங்கீதத்தோடு ஒப்பிடுங்கள்

ஒரே ஒலிக்கு இரண்டு பெயர் என்பது நமக்குப் புதிதல்ல. கர்நாடக சங்கீதத்தில் 12 சுரத்தானங்களுக்கு 16 பெயர்கள் உண்டு. சட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சட்ஜத்தை சி என்று வைத்தால், ரிஷபமாக எண்ணும்போது அது டி ஷார்ப். காந்தாரமாக எண்ணும்போது ஈ ஃபிளாட்.

சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு ஆக்மென்டட் செகண்டும் பழக்கமானதே. அந்த வரிசையைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் 3 அரைத்தொனித் தூரம் அதுதான்.

5. காதைப் பழக்குங்கள்

மைனர் செகண்டுக்கு மாயாமாளவகௌளையின் ச–ரி பாடுங்கள். மேஜர் செகண்டுக்குச் சங்கராபரணத்தின் ச–ரி பாடுங்கள். ‘ஹாப்பி பர்த்டே’ பாட்டில் முதன்முதலில் சுரம் மேலேறும் இடமும் மேஜர் செகண்ட்தான். முதலில் பாடிவிட்டு, பிறகு கட்டையை அழுத்திச் சரிபார்க்கவும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீபோர்டில் ஓர் அரைத்தொனி என்பது, சுரத் தூரத்தை அளக்கும் அலகில், சரியாக 100 சென்ட். 12 அரைத்தொனி சேர்ந்த ஓர் ஒக்டேவ் 1200 சென்ட். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் திருவிழாவில் கேட்கும் நாதஸ்வரம் அந்தக் கட்டுக்குள் நிற்காது. கமகத்தில் இரு கட்டைகளுக்கு நடுவிலும் அசையும். ஆகவே இந்த அளவுப் பயிற்சிக்கு கீபோர்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

6. சோதித்துப் பாருங்கள்

விடையைப் பார்க்காமல் பெயர் எழுதுங்கள்: (அ) பி–சி, (ஆ) எஃப்–ஜி ஷார்ப், (இ) ஜி–ஜி ஷார்ப், (ஈ) எஃப் ஷார்ப்–ஏ ஃபிளாட்.

விடைகள்: (அ) மைனர் செகண்ட், (ஆ) ஆக்மென்டட் செகண்ட், (இ) ஆக்மென்டட் யூனிசன், (ஈ) டிமினிஷ்ட் தேர்ட்.

நான்காவதை மேஜர் செகண்ட் என்று எழுதியிருந்தால், எழுத்தை எண்ணாமல் கட்டையை எண்ணியிருக்கிறீர்கள். பரீட்சைத் தாளிலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் எழுத்து, பிறகு அரைத்தொனி.