நாக்கு தடுக்கும் இடம்

புதிதாக எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு,

பிறர் எழுத்தைத் திருத்தியே காலம் கழித்தவன் நான். சிவப்பு மையில் கற்றதைச் சொல்கிறேன்.

1. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கண் பழகிய தடத்தில் ஓடிவிடும், நாக்குத்தான் தடுக்கும். தடுக்கிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே படியுங்கள். திருத்தம் பிறகு.

2. சொற்களை எண்ணி எளிமையை அளக்காதீர்கள். அப்படி அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் 1948இல் ஒரு சூத்திரம் தந்தார். வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணி மதிப்பெண் போடுவது. அது ஆங்கிலத்துக்கு ஆனது. நம் மொழியில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ ஒரே சொல். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ‘ஏமம்’ சின்னச் சொல்தான். எத்தனை பேருக்குப் புரியும்?

3. தமிழில் சுமை வேறிடத்தில் இருக்கிறது. வினை கடைசியில் வருவதால், அதுவரை வந்ததையெல்லாம் வாசகர் மனத்தில் தாங்க வேண்டும். இதைப் பாருங்கள்: ‘நேற்று பெய்த மழையில் இடிந்து விழுந்த சுவரைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் தம்பி நடத்தும் கடையில் வேலை பார்க்கும் பெண் புகார் கொடுத்தார்.’ பெண் வருவதற்குள் மூச்சு முட்டிவிடுகிறது. அவரை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘ஒரு பெண் புகார் கொடுத்தார். அவர் வேலை பார்க்கும் கடையை நடத்துபவர் ஓர் ஒப்பந்தக்காரரின் தம்பி. அந்த ஒப்பந்தக்காரர் கட்டிய சுவர்தான் நேற்றைய மழையில் இடிந்தது.’ சொற்கள் கொஞ்சம் கூடினாலும், படிப்பவருக்கு இளைப்பாற இரண்டு இடம் கிடைத்திருக்கிறது.

4. ஒற்றெழுத்தை விடாதீர்கள். ‘கீரைக் கடை’ விற்கும் இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுக்க வேண்டும். அடைமொழியும் இப்படித்தான். ‘பழைய புத்தகக் கடை’யில் பழையது கடையா, புத்தகமா? ‘பழைய புத்தகங்கள் விற்கும் கடை’ என்று எழுதுங்கள். நீளட்டும், பரவாயில்லை.

5. ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ வேண்டாம். யார் ஆய்ந்தார்? தெரியாவிட்டால் கேட்டுவந்து எழுதுங்கள்.

6. துறைச்சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். முதல்முறை வரும்போதே பக்கத்தில் விளக்கிவிடுங்கள்.

7. உங்கள் பொருளோடு தொடர்பில்லாத ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். ‘நான் என்ன சொல்லியிருக்கிறேன்?’ என்று கேளுங்கள். கேட்டாலே புரியும் எழுத்துக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1942இல் மதுரையில் தினத்தந்தி நாளிதழைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், பேச்சுக்கு நெருக்கமான நடையில் செய்தி எழுதவைத்தார். டீக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றியிருந்து கேட்டார்கள். காதுவழியே விளங்கிய எழுத்து அது. அந்த நடையை இளக்காரமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

சென்ற மாதம் எழுதிய ஒரு பக்கத்தை இன்று இரவு எடுங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும்.